வாங்கிய காரை டாக்ஸ் கட்டாமல் வீட்டுக்கு ஓட்டி வரலாமா? பிரிட்டன் சட்டம் சொல்வது

பிரிட்டனில் பழைய கார் வாங்கும் பலரிடம் இன்னும் ஒரு நம்பிக்கை இருக்கிறது. விற்றவர் டாக்ஸ், அதாவது வாகன வரி, கட்டியிருந்தால் அது காரோடு வந்துவிடும், வீட்டுக்குப் போய் ஆற அமர நம் பெயருக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று நினைக்கிறார்கள். ஒரு காலத்தில் அது சரிதான். கண்ணாடியில் ஒட்டியிருந்த வட்டச் சீட்டில் எத்தனை மாதம் மிச்சமோ, அத்தனையும் வாங்கியவருக்குச் சேர்ந்தது. 2014 அக்டோபர் 1 அன்று அந்தச் சீட்டை ஒழித்தார்கள். அன்றோடு இந்த வசதியும் போனது. இப்போது கார் கைமாறினால் பழைய டாக்ஸ் உங்களுக்குச் செல்லாது. சாலையில் இறக்கும் முன்பே நீங்கள் புதிதாகக் கட்டியிருக்க வேண்டும். ‘வீடு வரைக்கும்தானே’ என்பதற்குச் சட்டத்தில் சலுகை நாள் இல்லை, ஒரு மைல்தான் என்றாலும் அதே விதிதான்.

பலர் ஏமாறுவது வேறோர் இடத்தில். வாகனப் பதிவையும் ஓட்டுநர் உரிமத்தையும் கவனிக்கும் அரசு அமைப்பான டி.வி.எல்.ஏ.வுக்கு விற்றவர் விற்பனையைத் தெரிவிக்கும் வரை, அரசு இணையதளத்தில் வண்டி எண்ணைத் தட்டினால் டாக்ஸ் இருப்பதாகவே காட்டும். அதைப் பார்த்துவிட்டு நிம்மதியாகக் கிளம்பிவிடுகிறார்கள். அங்கே தெரிவது விற்றவர் கட்டிய டாக்ஸ். அவர் தகவல் கொடுத்ததும் அது ரத்தாகி, மிச்சமுள்ள முழு மாதங்களின் பணம் அவருக்கே திரும்பிப் போகும். நீங்கள் பாதி வழியில் இருக்கும்போதே அது நடக்கலாம். அப்புறம் சாலையோர எண்பலகைக் கேமராவுக்கு உங்கள் கார் டாக்ஸ் இல்லாத வண்டிதான்.

பிடிபட்டால் என்ன ஆகும்? 1994ஆம் ஆண்டின் வாகன வரி, பதிவுச் சட்டத்தின் 29ஆம் பிரிவுப்படி, டாக்ஸ் இல்லாத வண்டியைப் பொதுச் சாலையில் ஓட்டுவது மட்டுமல்ல, நிறுத்தி வைப்பதும் குற்றம். நீதிமன்றம் போனால் 1,000 பவுண்டு அல்லது அந்த வண்டிக்கான டாக்ஸின் 5 மடங்கு, இதில் எது அதிகமோ அதுவரை அபராதம் விதிக்கலாம். பொதுவாக அதற்கு முன் டி.வி.எல்.ஏ. கடிதம் அனுப்பி, 30 பவுண்டும் பாக்கி டாக்ஸின் ஒன்றரை மடங்கும் கட்டி முடித்துக்கொள்ளச் சொல்லும். இது தவிர, உங்கள் பெயரில் பதிவான வண்டிக்கு டாக்ஸும் இல்லை, சோர்ன் அறிவிப்பும் (வண்டியைச் சாலையில் ஓட்டவில்லை என்று டி.வி.எல்.ஏ.வுக்குச் சொல்வது) இல்லை என்றால், ஓட்டாவிட்டாலும் 80 பவுண்டு தண்டம் வரும். 33 நாளுக்குள் கட்டினால் அது 40 ஆகக் குறையும்.

சக்கரத்துக்குப் பூட்டுப் போட்டுவிட்டால் செலவு இன்னும் ஏறும். 24 மணி நேரத்துக்குள் விடுவிக்க 100 பவுண்டு. டாக்ஸ் கட்டிய ஆதாரத்தை அப்போதே காட்ட முடியாவிட்டால், காருக்கு 160 பவுண்டு பிணைத்தொகையும் வைக்க வேண்டும். வண்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டால் 200 பவுண்டு, கூடவே ஒரு நாளைக்கு 21 பவுண்டு காப்பகக் கட்டணம்.

இத்தனை இருந்தும், டாக்ஸ் குற்றத்துக்கு லைசென்ஸில் தண்டப் புள்ளி விழாது. அதனால்தான் சிலர் துணிகிறார்கள். உண்மையான ஆபத்து இன்சூரன்ஸ் பக்கம் இருக்கிறது. டாக்ஸ் இல்லை என்று கேமரா காட்டிக்கொடுத்து போலீஸ் நிறுத்தினால், அடுத்துப் பார்ப்பது இன்சூரன்ஸ். அது இல்லையென்றால் 300 பவுண்டு அபராதம், 6 புள்ளி. நீதிமன்றம் போனால் அபராதத்துக்கு உச்சவரம்பே கிடையாது, வண்டி ஓட்டவும் தடை விதிக்கலாம். காரை அங்கேயே பறிமுதல் செய்யவும் போலீஸுக்கு அதிகாரம் உண்டு. லைசென்ஸ் எடுத்து இரண்டு வருடம் ஆகாதவருக்கு 6 புள்ளி விழுந்தால் லைசென்ஸே போய்விடும். மறுபடி எழுத்துத் தேர்விலிருந்து தொடங்க வேண்டும். புதிதாக ஓட்டப் பழகிய பிள்ளைக்குக் கார் வாங்கிக் கொடுக்கும் பெற்றோர் இதை அவசியம் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

‘என் பழைய கார் பாலிசியில் மற்றவர் வண்டியை ஓட்ட அனுமதி இருக்கிறதே’ என்று சிலர் சொல்வார்கள். அந்த அனுமதி எல்லாப் பாலிசியிலும் இருப்பதில்லை. இருந்தாலும் பொதுவாக உங்களுக்குச் சொந்தமில்லாத வண்டிக்குத்தான் பொருந்தும். பணம் கொடுத்து வாங்கிய நிமிடமே கார் உங்களுடையது. ஆகவே முதலில் இன்சூரன்ஸ், அடுத்து டாக்ஸ், அதற்குப் பிறகுதான் சாவி. இன்சூரன்ஸ் சான்றிதழைப் போனில் வைத்திருங்கள், பொதுத் தரவுத்தளத்தில் ஏறச் சற்று நேரம் பிடிக்கலாம்.

டாக்ஸ் கட்டுவது சில நிமிட வேலைதான். லாக் புக்கில், அதாவது வண்டியின் பதிவு ஆவணத்தில், புதிய உரிமையாளருக்கான பச்சைச் சீட்டு ஒன்று இருக்கும். விற்றவர் அதைக் கிழித்து உங்களிடம் தர வேண்டும். அதிலுள்ள 12 இலக்க எண்ணை வைத்து, விற்றவர் வீட்டு வாசலில் நின்றபடியே போனில் அரசு இணையதளத்தில் கட்டிவிடலாம். ஞாயிறு இரவானாலும் வேலை செய்யும். வாகன வரி வேலை செய்யும் தபால் நிலையத்திலும் கட்டலாம். மொத்தமாகக் கட்ட முடியாதவர்கள் வங்கிக் கணக்கிலிருந்து மாதாமாதம் பிடிக்கும்படி செய்யலாம், கொஞ்சம் கூடுதலாகும். டாக்ஸ் தொகை பூஜ்யமாக வரும் வண்டியாக இருந்தாலும் இந்தப் பதிவைச் செய்தே ஆக வேண்டும். மின்சாரக் கார்களுக்கு 2025 ஏப்ரல் 1 முதல் தொகையும் உண்டு.

பச்சைச் சீட்டும் இல்லை, லாக் புக்கும் இல்லை என்று ஒருவர் சொன்னால், அந்தக் காரை வாங்காமல் திரும்பி வருவதே நல்லது என்பது என் கருத்து.

எம்.ஓ.டி. (வண்டியின் வருடாந்தரத் தகுதிச் சோதனை) காலாவதியான காருக்கு டாக்ஸ் கட்ட முடியாது. இங்கேதான் சட்டம் ஒரு வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. முன்பதிவு செய்த எம்.ஓ.டி. சோதனைக்குப் போகவும் வரவும் மட்டும் டாக்ஸ் இல்லாமல் ஓட்டலாம். பதிவு உண்மையாக இருக்க வேண்டும், இன்சூரன்ஸ் இருக்க வேண்டும், வண்டி ஓட்டத் தகுந்த நிலையில் இருக்க வேண்டும். போகிற வழியில் கடைக்குப் போய்விட்டு வருவதற்கெல்லாம் இந்த விலக்கு பொருந்தாது. விற்றவர் செய்திருந்த சோர்ன் அறிவிப்பும் விற்பனையோடு முடிந்துவிடும். காரை உங்கள் முற்றத்தில் சும்மா நிறுத்துவதானால் நீங்களே புதிதாக அறிவிக்க வேண்டும்.

மாதக் கடைசியில் வாங்குபவர்களுக்கு ஒரு மனக்குறை உண்டு. 30ஆம் தேதி வாங்கினாலும் டாக்ஸ் அந்த மாதம் 1ஆம் தேதியிலிருந்தே கணக்காகும். விற்றவருக்கும் அந்த மாதப் பணம் திரும்பாது. ஒரே மாதத்துக்கு அரசு இரண்டு பேரிடம் வாங்குகிறது, எனக்கும் அது நியாயமாகப் படவில்லை. அதற்காக ஒரு நாள்தானே என்று ஓட்டிவிடாதீர்கள். விற்றவர் சம்மதித்தால், நீங்கள் சோர்ன் அறிவித்துவிட்டு, கார் அவருடைய முற்றத்திலேயே 1ஆம் தேதி வரை நிற்கட்டும். அல்லது டீலரிடம் வாங்கினால், அவருடைய டிரேட் பிளேட் (வாகன வியாபாரிகளுக்கான தற்காலிக எண்பலகை) மாட்டிக் கொண்டுவந்து விடச் சொல்லலாம். லாரியில் ஏற்றிக் கொண்டுவருவதும் சட்டப்படி சரிதான். கயிறு கட்டி இழுத்து வந்தால் மட்டும், சக்கரம் சாலையில் உருளுவதால், டாக்ஸும் இன்சூரன்ஸும் வேண்டும்.