அரூபக் கருடன்: பினாங்குக் கடற்காற்றில் கவனிக்க வேண்டியவை

கோயில் கருடனுக்கு அடையாளங்கள் பல: வளைந்த மூக்கு, விரித்த சிறகு, கூப்பிய கை, உடம்பில் பாம்பணி. உருவத்தைச் சுருக்கிக் காட்டும் அரூபச் சிற்பத்தில் அத்தனையையும் திணித்தால் பொம்மையாகிவிடும். நவீனச் சிற்பி பிரான்குசி தம் ‘மையாஸ்ட்ரா’ சிற்பத்தில் ருமேனியக் கதைப் பறவையைப் புடைத்த மார்பாகவும் அண்ணாந்த அலகாகவும் சுருக்கினார், சிறகை விரிக்கவே இல்லை. நமக்கு இன்னொரு சிக்கல் உண்டு. சிறகை மட்டும் வைத்தால் மலேசியக் கண்ணுக்கு அது லங்காவித் தீவின் கழுகுச் சிலை. மூக்கின் வளைவையும் பாம்பின் சுழியையும் விடாதீர்கள். மற்றதைத் தாராளமாக வெட்டலாம்.

கடலோரமானால் 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வேண்டாம். உப்புக் காற்றில் தேநீர்க் கறைபோலப் பழுப்பேறும். 316எல் ரகத்தில் இரண்டு முதல் மூன்று சதவீதம் மாலிப்டினம் என்ற உலோகம் இருப்பதால் தாங்கும், அதுவும் பராமரித்தால்தான். இரும்பு தேய்த்த கிரைண்டிங் தட்டையே இதற்கும் போடுவது பல பட்டறைகளில் நடக்கிறது. ஒட்டிய இரும்புத் துகள்தான் பிறகு புள்ளி புள்ளியாகத் துருவாகத் தெரிகிறது. குற்றம் தகட்டின் மேல் விழும். உள்சட்டம் சாதாரண இரும்பென்றால் இரண்டும் தொடும் இடத்தில் நைலான் தகடு வையுங்கள். மூடிய உடலின் அடியில், நீர் தேங்கும் மிகத் தாழ்ந்த இடத்தில், 10 மி.மீ. வடிதுளை அவசியம்.

அதிகம் பேசப்படாத ஆபத்து, கிண்ணம்போல் குழிந்த சிறகைக் கண்ணாடிபோல் பாலிஷ் செய்வது. குழிவின் ஆரம் 2 மீட்டரானால் வெயில் சுமார் 1 மீட்டரில் குவியும். பெஞ்சும் குழந்தையின் கையும் அங்கேதான் இருக்கும். ஏப்ரல் தொடக்கத்திலும் செப்டம்பர் முற்பகுதியிலும் மதியம் ஒன்றேகால் வாக்கில் பினாங்கில் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். வானம் பார்த்த குழிவுக்கு அதுவே மோசமான நேரம். மாலை வெயிலோ மேற்கு நோக்கிய சிறகில் விழும். குழிவுப் பக்கத்தை மங்கலாகத் தேய்த்துவிட்டு, பளபளப்பைப் புடைத்த பக்கத்துக்கு ஒதுக்குங்கள். தேய்ப்புக் கோடுகள் மேலிருந்து கீழாக ஓடினால் உப்பு தங்காமல் மழையோடு வழியும். சிறகு நுனி கண்மட்டத்தில் வந்தால் கூர் இல்லாமல் உருட்டிவிடுங்கள், அழகு குறையாது.

முதலில் கறைபடுவது மழை படாத சிறகின் அடிப்பக்கம். அங்கே குழாய் நீரும் மென்மையான சோப்பும் போதும். குளோராக்ஸ் போன்ற ப்ளீச், கழிவறை ஆசிட், இரும்பு நார் மூன்றையும் காவலாளியிடமிருந்து விலக்கி வையுங்கள்.