தண்ணீர் வற்றும்போது தலைப்பிரட்டை என்ன செய்யும்?

மதுரைச் சுற்றுவட்டாரத்தில் மழையை நம்பி எதையும் திட்டமிட முடியாது. ஒரு வருடம் ஐப்பசியிலேயே கண்மாய் நிறைந்து மறுகால் பாயும். அடுத்த வருடம் கார்த்திகை முடிந்தும் அதே கண்மாய்க்குள் பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருப்பார்கள். சித்திரையில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். விவசாயிக்கு இதெல்லாம் தெரிந்த கதை. அதே மண்ணில் வாழும் தேரைக்கும் நாரைக்கும் ஓணானுக்கும் இது இன்னும் பழைய கதை.

காலநிலை மாற்றம் என்றதும் எல்லோரும் பனிக்கரடியின் படத்தைப் போடுகிறார்கள். ஒரு உயிர் மாறும் சூழலை எப்படிச் சமாளிக்கிறது, எந்தக் கட்டத்தில் அதனால் முடியாமல் போகிறது என்று தெரிந்துகொள்ள அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. நம் ஊர்க் கண்மாய்க்கரை போதும்.

தேரையில் ஆரம்பிக்கலாம். நல்ல மழை பெய்த இரவில் ஆண் தேரைகள் விடாமல் கத்தும். மறுநாள் காலையில் பள்ளத்துத் தண்ணீரில், புல்லோடு புல்லாகச் சுற்றிக்கொண்டு வழவழப்பான நீண்ட சரம் கிடக்கும். அதற்குள் வரிசையாகக் கருப்புப் புள்ளிகள். அவைதான் முட்டைகள். சில நாட்களில் கருகருவென்று தலைப்பிரட்டைகள் கூட்டமாக நீந்தத் தொடங்கிவிடும். பிரச்சினை அதற்குப் பிறகுதான். அந்தப் பள்ளத்தில் தண்ணீர் எத்தனை நாளைக்கு நிற்கும் என்று தேரைக்கும் தெரியாது, யாருக்கும் தெரியாது. கால் முளைத்து, வால் சுருங்கி, கரையேறும் முன் தண்ணீர் வற்றினால் மொத்தக் கூட்டமும் சேற்றிலேயே காய்ந்துவிடும்.

இங்கே நடப்பது ஆச்சரியமான ஒன்று. தண்ணீர் குறையக் குறைய இடம் நெருக்கடியாகிறது, நீர் சூடாகிறது, தீனி குறைகிறது. இந்த நெருக்கடியைத் தலைப்பிரட்டையின் மூளை உணர்கிறது. மூளையின் அடிப்பகுதியிலுள்ள ஹைப்போதலாமஸ் ஒரு ஹார்மோனைக் கூடுதலாகச் சுரக்கிறது. நமக்கு மன அழுத்தம் வந்தால் சுரக்கும் அதே ஹார்மோன்தான். தலைப்பிரட்டையில் அதற்கு இரட்டை வேலை. கார்டிகோஸ்டீரோன் என்ற அழுத்த ஹார்மோனையும் அது தூண்டுகிறது, தைராய்டு ஹார்மோனையும் தூண்டுகிறது. வாலைச் சுருக்கிக் காலை வளர்ப்பது தைராய்டு ஹார்மோனின் வேலை. கார்டிகோஸ்டீரோன் கூடச் சேர்ந்தால் அந்த வேலை முடுக்கிவிடப்படுகிறது. பல நாள் எடுத்து நடக்க வேண்டிய உருமாற்றம் முன்கூட்டியே முடிகிறது. அமெரிக்கப் பாலைவனத் தேரைகளில் இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். நம் ஊரில் சாதாரணமாகத் தென்படும் தேரையும் நீர் வற்றும்போது அவசரமாகக் கரையேறுகிறது என்பதைக் கர்நாடகத்தில் நடந்த சோதனைகள் காட்டியிருக்கின்றன.

இதில் கவனிக்க வேண்டியது, எந்த மரபணுவும் மாறவில்லை என்பதுதான். ஒரே முட்டைச் சரத்திலிருந்து வந்த இரண்டு தலைப்பிரட்டைகளில் ஒன்றை நிறைந்த தொட்டியிலும் மற்றொன்றை வற்றும் தொட்டியிலும் விட்டால், இரண்டும் இரண்டு வேகத்தில் வளரும். நிதானமாக வளர்வதற்கான வழியும் அவசரமாக வளர்வதற்கான வழியும் அதே மரபணுக்களுக்குள் ஏற்கெனவே இருக்கின்றன. எதை எடுப்பது என்பதைச் சூழல் தீர்மானிக்கிறது. உயிரியலில் இதை நெகிழ்வுத்தன்மை என்பார்கள். விலங்குகள் "தகவமைத்துக்கொள்கின்றன" என்று செய்திகளில் படிக்கும்போது பெரும்பாலும் அது இந்த நெகிழ்வுதான்.

ஆனால் இது சும்மா கிடைப்பதில்லை. அவசரமாகக் கரையேறும் குட்டித் தேரை சிறியதாக இருக்கும். உடல் சிறுத்தால் எடையோடு ஒப்பிடும்போது தோலின் பரப்பு அதிகம். அதனால் வெயிலில் சீக்கிரம் ஈரத்தை இழக்கும். பெரிய பூச்சிகளைப் பிடிக்க முடியாது, தானே எளிதில் இரையாகும். இன்னொன்று, இந்த அவசரத்துக்கும் ஓர் எல்லை உண்டு. குறைந்தபட்ச உடல் வளர்ச்சி வந்த பிறகுதான் உருமாற்றம் தொடங்கவே முடியும். அதற்கு முன் தண்ணீர் போய்விட்டால் எந்த ஹார்மோனாலும் காப்பாற்ற முடியாது. ஒரே நாளில் கொட்டித் தீர்த்துவிட்டு அப்புறம் வாரக்கணக்கில் மழையே எட்டிப்பார்க்காத வருடங்கள் அதிகமானால், இந்த எல்லைக்கு அப்பால் தள்ளப்படும் பள்ளங்களும் அதிகமாகும்.

தேரையின் உறவுக்காரர்களான மண் தவளைகள் வேறு வழி வைத்திருக்கின்றன. பின்னங்காலில் மண்வெட்டி முனை மாதிரித் தடித்த ஒரு புடைப்பு இருக்கும். அதை வைத்துப் பின்பக்கமாகவே தோண்டி மண்ணுக்குள் இறங்கிவிடும். கோடை முழுக்க உள்ளேயே கிடந்து, உடலின் வேலைகளை மிகவும் குறைத்துக்கொண்டு, மழை வந்ததும் மேலே வரும். நல்ல உத்திதான். ஆனால் கண்மாயோரப் பொறம்போக்கைச் சிமென்ட் தளமாக்கிவிட்டால் அது எங்கே தோண்டும்?

அடுத்து நாரைகள். மதுரையிலிருந்து திருப்பத்தூர் போகும் வழிப்பக்கம், சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயம் இருக்கிறது. 1977இல் அறிவிக்கப்பட்டது. கொள்ளுகுடிப்பட்டி, வேட்டங்குடிப்பட்டி மக்கள் பறவைகளுக்காகப் பல பத்தாண்டுகளாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. எத்தனையோ ஆய்வறிக்கைகளைவிட இது எனக்குப் பெரிதாகப் படுகிறது.

அங்கே கூடு கட்டும் நத்தைகுத்தி நாரை எப்போது முட்டையிட வேண்டும் என்று எப்படி முடிவு செய்கிறது? பறவைகளுக்கு வெளிச்சத்தை உணரக் கண் மட்டும் இல்லை. மூளைக்குள்ளேயே ஒளியை உணரும் செல்கள் இருக்கின்றன. மண்டையோட்டைக் கடந்து உள்ளே கசியும் வெளிச்சத்தை வைத்துப் பகல் நீள்கிறதா குறைகிறதா என்று அவை கணக்கு வைக்கின்றன. ஐரோப்பா போன்ற இடங்களில் குளிர்காலப் பகலுக்கும் கோடைப் பகலுக்கும் பல மணி நேர வித்தியாசம் இருப்பதால், அங்குள்ள பறவைகளுக்கு அதுவே பெரிய நாட்காட்டி. மதுரையில் வருடத்தின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமான வித்தியாசம்தான். அதனால் இங்குள்ள நீர்ப்பறவைகள் பகலை மட்டும் நம்பி இருப்பதில்லை. மழை பெய்ததா, கண்மாயில் தண்ணீர் நிற்கிறதா, நத்தையும் மீனும் கிடைக்கின்றனவா என்று பார்த்துத்தான் கூடு கட்டுகின்றன. தண்ணீர் தாமதமானால் அவையும் தாமதிக்கும். தண்ணீரே வராத வருடத்தில் வேறு கண்மாயைத் தேடிப் போய்விடும்.

நெதர்லாந்தில் வாழும் பட்டாணிக்குருவி இனம் ஒன்றை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். குஞ்சுகளுக்கு ஓக் மரத்துப் புழுக்கள்தான் தீனி. வசந்தம் சீக்கிரம் சூடாவதால் புழுக்கள் முன்கூட்டியே வந்துவிடுகின்றன. குருவியும் முட்டையிடும் நாளை முன்னே தள்ளியிருக்கிறது, ஆனால் புழுக்களின் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. குஞ்சுகள் வாய் திறக்கும் நேரத்தில் புழுக்காலம் முடிந்துகொண்டிருக்கிறது. நம்மூர்க் கூந்தன்குளத்துக்கு வரும் வரித்தலை வாத்துக்கும் ஒரு விதத்தில் இதே சிக்கல்தான். மங்கோலியாவிலோ திபெத்திலோ புறப்படும்போது தென்தமிழ்நாட்டில் மழை பெய்ததா என்று அதற்குத் தெரிய வழியில்லை.

ஆக, நிலையில்லாத மழைக்குப் பழகிய நம் கண்மாய்ப் பறவைகளுக்கு இந்த விஷயத்தில் ஓர் அனுகூலம் உண்டு என்றே நான் நினைக்கிறேன். ஆனால் முட்டையிட்ட பிறகு அந்த அனுகூலம் தீர்ந்துவிடுகிறது. முட்டையிலிருந்து குஞ்சு பறக்கும்வரை இரண்டு மாதம்போலத் தண்ணீர் நிற்க வேண்டும். தண்ணீருக்குள் நிற்கும் கருவேல மரத்தில் கூடு கட்டுவதே பூனையும் நாயும் அருகே வராமல் இருக்கத்தான். பாதியில் தண்ணீர் வற்றினால் அந்தக் காவலும் போகும், தீனியும் போகும். கூட்டையும் குஞ்சையும் விட்டுவிட்டுத் தாய்ப்பறவை கிளம்பிவிடுவதும் உண்டு.

வெயிலைச் சமாளிக்கவும் நாரைகளிடம் வழி இருக்கிறது. உச்சி வெயிலில் நத்தைகுத்தி நாரை கூட்டின் மேல் நின்றுகொண்டு இறக்கைகளைத் தளர விரித்துக் குஞ்சுகளுக்கு நிழல் தரும். நாரைகளின் காலில் வெள்ளைப் பூச்சு படிந்திருந்தால் அது அழுக்கு என்று நினைக்காதீர்கள். எச்சத்தைத் தன் காலிலேயே விட்டுக்கொள்கின்றன. மண்பானைத் தண்ணீர் குளிர்வது போல, அந்த ஈரம் ஆவியாகும்போது காலில் ஓடும் ரத்தம் குளிர்கிறது. காற்று உலர்ந்திருக்கும்வரை இது நன்றாக வேலை செய்யும். வெயிலோடு புழுக்கமும் சேர்ந்தால் ஈரம் காயாது, சூடும் இறங்காது.

ஓணானுக்கு இந்த வசதி கிடையாது. வியர்க்காது, உள்ளிருந்து உடலைச் சூடாக்கவும் முடியாது. அதன் வெப்பநிலையை அது நிற்கும் இடம்தான் தீர்மானிக்கிறது. மதுரைக்குப் பக்கத்து ஆனைமலை மாதிரியான வெற்றுப் பாறைகளில் பாறை ஓணானைக் காலையில் பாருங்கள். வயிற்றைப் பாறையோடு ஒட்டிக்கொண்டு வெயில் காயும். வெயில் ஏற ஏறக் காலை நிமிர்த்தி உடலைப் பாறையிலிருந்து தூக்கிக்கொள்ளும். இன்னும் ஏறினால் இடுக்குக்குள் போய்விடும். இனப்பெருக்கக் காலத்தில் முதுகு சிவந்து, பக்கங்கள் கருத்து, தலையைத் தூக்கித் தூக்கி ஆட்டும் ஆண் ஓணானும் உச்சிவேளையில் அந்த ஆட்டத்தை நிறுத்திவிட்டு நிழலுக்கு ஓடித்தான் ஆக வேண்டும்.

சரி, நிழலில் இருந்துகொண்டால் பிழைத்துக்கொள்ளுமே? பிழைக்கும். ஆனால் நிழலில் ஒளிந்திருக்கும் நேரம் முழுக்கப் பட்டினி. இரை தேட முடியாது, துணை தேட முடியாது. 2010இல் வெளியான ஓர் ஆய்வு மெக்சிகோவில் 200 இடங்களில் ஓணான் வகைகளைத் தேடிப் பார்த்தது. 1975க்குப் பிறகு 12 சதவீத இடங்களில் அவை இல்லாமல் போயிருந்தன. வெயிலில் நேரடியாகச் செத்தது காரணமாகத் தெரியவில்லை. முட்டை உருவாகும் மாதங்களில் வெளியே நடமாட முடிகிற நேரம் சுருங்கியதால், முட்டைக்குத் தேவையான சக்தியைச் சேர்க்க முடியாமல் போனது என்பதுதான் ஆய்வாளர்களின் விளக்கம். நாளுக்குச் சில மணி நேரம் குறைந்ததே ஓர் இடத்தின் ஓணான்களை அழிக்கப் போதுமாக இருந்திருக்கிறது. இந்தக் கணக்கு என்னை மிகவும் கலங்க வைக்கிறது. வெளியே பார்த்தால் செத்த உடல் ஒன்றும் இருக்காது. வருடா வருடம் குட்டிகள் குறையும், அவ்வளவுதான்.

இதுவரை சொன்னதெல்லாம் ஒரே பிறவிக்குள் நடக்கும் சமாளிப்பு. தலைமுறையாக நடக்கும் மாற்றம் வேறு, அதன் விலையும் வேறு. 2017இல் கரீபியன் பகுதியின் டர்க்ஸ் கைகோஸ் தீவுகளில் சில ஆய்வாளர்கள் அங்குள்ள ஓணான்களை அளந்து முடித்திருந்தார்கள். அடுத்தடுத்து இர்மா, மரியா என்று இரண்டு சூறாவளிகள் அடித்தன. சில வாரம் கழித்துத் திரும்பிப் போய் அளந்தபோது, பிழைத்திருந்த ஓணான்களின் விரல் பட்டைகள், அதாவது கிளையைப் பற்ற உதவும் விரலடித் திண்டுகள், முன்பிருந்த சராசரியைவிடப் பெரிதாக இருந்தன. கிளையை இறுகப் பற்ற முடிந்தவை தப்பித்தன, மற்றவற்றைக் காற்று கொண்டுபோய்விட்டது. அடுத்த தலைமுறையிலும் அந்தப் பெரிய பட்டைகள் தொடர்ந்தன. எந்த ஓணானும் தன் விரலை வளர்த்துக்கொள்ளவில்லை. பற்ற முடியாதவை செத்ததால் சராசரி மாறியது. இயற்கைத் தேர்வு நடக்க மரணம் வேண்டும், கூடவே எண்ணிக்கையும் வேண்டும். ஆயிரக்கணக்கில் முட்டையிடும் தேரை அந்த இழப்பைத் தாங்கும்.

தேவாங்கு தாங்காது. ஒரு பேற்றில் ஒன்றோ இரண்டோ குட்டிதான். திண்டுக்கல்-திருச்சி சாலையில் அய்யலூர்ப் பக்கத்துக் காடுகளில் 1990களின் இறுதியில் தேவாங்கை இரவு இரவாகப் பின்தொடர்ந்து ஆராய்ந்தார்கள். அதன் உணவு ஏறத்தாழ முழுக்கப் பூச்சிதான். மற்ற விலங்குகள் தொடாத, நச்சும் நாற்றமும் உள்ள பூச்சிகளையும் விடாமல் தின்கிறது. உடலின் எரிசக்திச் செலவும் குறைவு. வறண்ட காட்டுக்கு ஏற்ற உடல்தான். ஆனால் அது தாவாது. ஒரு கிளையைப் பிடித்தபடியே அடுத்த கிளைக்குக் கை நீட்டி நகரும். கிளைகள் தொடாத இடத்தில் தரையில் இறங்கி நடக்க வேண்டும். அங்கே நாயும் உண்டு, லாரியும் உண்டு. 2022இல் கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர் பரப்பில் கடவூர் தேவாங்கு சரணாலயம் அறிவிக்கப்பட்டது. நல்ல காரியம். சரணாலயத்துக்கு வெளியே வேலியோரம் நிற்கும் வேல மரங்களும் புளிய மரங்களும் வெட்டுப்படாமல் இருந்தால்தான் அதற்கு இடம்விட்டு இடம் போக வழி கிடைக்கும்.

இடம் பெயர்வது எல்லாவற்றிலும் பழைய உத்தி. சூடு கூடினால் குளிர்ச்சியான இடத்துக்குப் போவது. உலகமெங்கும் விலங்குகள் மலையில் மேலே மேலே ஏறிக்கொண்டிருக்கின்றன. மேற்குத் தொடர்ச்சி மலையின் உயரத்துப் புல்வெளியிலேயே வாழும் வரையாட்டுக்கு அதற்கு மேல் ஏற இடம் கிடையாது. சமவெளியிலோ ஏற மலையே அபூர்வம். அழகர்மலையும் சிறுமலையும் நாகமலையும் வயலுக்கும் வீட்டு மனைக்கும் நடுவே தனித்தனித் தீவுகளாக நிற்கின்றன.

அதனால்தான் அரிட்டாபட்டி மாதிரி இடங்களை வெறும் பாறை என்று பார்க்கக் கூடாது. பாறையின் மேல்தளம் கொதிக்கும்போதும் ஆழமான இடுக்குக்குள் சூடு பல டிகிரி குறைவாக இருக்கும். சுனையோரத்தில் கோடையிலும் ஈரம் இருக்கும். ஓணானுக்கும் தவளைக்கும் வௌவாலுக்கும் சில அடி நகர்ந்தாலே வேறொரு தட்பவெப்பம் கிடைக்கிறது. அரிட்டாபட்டியில் ஏழு குன்றுகள், ஏராளமான நீர்நிலைகள், சுனைகள். லகர் வல்லூறு, ஷாஹீன் வல்லூறு உட்பட ஏறக்குறைய 250 வகைப் பறவைகள். 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. இரண்டே ஆண்டில் அந்தப் பகுதியையும் சேர்த்து டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்டார்கள். மேலூர்ப் பக்கத்து ஊர் ஊராக மக்கள் எதிர்த்து நின்றதால் 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது.

சுரங்கம் அளவுக்குப் பெரிய ஆபத்து இல்லாத இடங்களிலும் செய்ய வேண்டிய வேலை இருக்கிறது. கண்மாயைத் தூர்வாரும்போது அடிமட்டத்தை ஒரே சீராக வழித்துவிடாமல் சில பள்ளங்களை ஆழமாக விட்டால், நாரைக் குஞ்சு பறக்கும்வரை தண்ணீர் நிற்கும். சீமைக் கருவேலத்தை அகற்றுவதும் அப்படித்தான். அது நிலத்துக்குச் செய்யும் கெடுதல் எல்லோருக்கும் தெரியும். ஆனால் நாட்டு மரங்கள் போன பல கண்மாய்களில் கொக்கும் நாரையும் இப்போது அதில்தான் கூடு கட்டுகின்றன. இல்லாத மரத்துக்குப் பதில் இருக்கிற மரத்தை எடுத்துக்கொண்டதும் ஒரு தகவமைப்புதான். முதலில் நாட்டுக் கருவேலத்தை நட்டு, அது கூடு தாங்கும் அளவுக்கு வளர்ந்த பிறகு மற்றதைப் படிப்படியாக வெட்டலாம். கூட்டில் குஞ்சு இருக்கும் மாதங்களில் எதையும் வெட்டாமல் இருந்தால் போதும்.