பழைய அம்பாசிடருக்குப் பெரிய ஆல்டர்னேட்டர் போட்டால் பல்பு எரிந்துபோகுமா?

கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். அப்பா வைத்திருந்த 1972 அம்பாசிடர், மார்க் 2. ஏ.சி. பொருத்தியிருக்கிறார், ஹெட்லைட்டுக்கு ஹாலஜன் பல்பு மாட்டியிருக்கிறார். இரவில் சிக்னலில் நின்றால் வெளிச்சம் மஞ்சளாக மங்கிவிடுகிறது. எஞ்சின் ஓடும்போது மின்சாரம் தரும் டைனமோவைக் கழற்றிவிட்டு, அதே வேலையைச் செய்யும் 65 ஆம்பியர் ஆல்டர்னேட்டர் போடலாம் என்கிறார் ஆட்டோ எலக்ட்ரீஷியன். நண்பர்களோ, அவ்வளவு கரண்ட் வந்தால் பல்பெல்லாம் போய்விடும், பேட்டரி வெந்துவிடும் என்று பயமுறுத்துகிறார்கள்.

எலக்ட்ரீஷியன் சொல்வதுதான் சரி. அந்தக் காலத்து டைனமோ தரக்கூடியது அதிகபட்சம் 22 ஆம்பியர் அளவுதான். 60 வாட் ஹாலஜன் இரண்டு எரிந்தாலே 10 ஆம்பியர் போய்விடும். ஏ.சி.யின் புளோயர், கண்டென்சர் ஃபேன், கம்ப்ரசர் கிளட்ச் மூன்றும் சேர்ந்து மீதியைத் தின்றுவிடும். ஐடிலிங்கில், அதாவது வண்டி நிற்க எஞ்சின் மட்டும் மெதுவாக ஓடும்போது, டைனமோ ஏறக்குறைய எதுவுமே தருவதில்லை. பேட்டரிதான் கையிருப்பிலிருந்து கொடுக்கிறது. இது புரியாமல் பேட்டரியை மட்டும் மாற்றிப் பணத்தை விடுகிறவர்களைப் பார்க்க வருத்தமாக இருக்கிறது.

நண்பர்களின் பயத்துக்கு வருவோம். மாடியில் 500 லிட்டர் தொட்டியை எடுத்துவிட்டு அதே உயரத்தில் 2000 லிட்டர் தொட்டி வைத்தால் குழாய் வெடித்துவிடுமா? அழுத்தத்தைத் தீர்மானிப்பது உயரம். இங்கே உயரம் என்பது வோல்டேஜ். அதை ரெகுலேட்டர் 14 வோல்ட்டை ஒட்டிப் பிடித்து வைக்கிறது. பல்பு தனக்கு வேண்டிய 5 ஆம்பியரை மட்டுமே எடுத்துக்கொள்ளும்.

சரி, 65 ஆம்பியருக்கு மேல் கேட்டால்? இந்த இடம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. பழைய டைனமோவுடன், அதைக் கட்டுப்படுத்த ஒரு கட்-அவுட் பெட்டி வரும். திறந்தால் உள்ளே ரிலேக்கள், அதாவது மின்காந்தத்தால் இயங்கும் சுவிட்சுகள், இருக்கும். சில வகைகளில் அவற்றுள் ஒன்றின் முழுநேர வேலையே, கரண்ட் எல்லை மீறி டைனமோ கருகிவிடாமல் காப்பதுதான். ஆல்டர்னேட்டரில் அப்படி ஒரு காவலாளியே கிடையாது. அது தன்னைத் தானே அடக்கிக்கொள்கிறது.

ஒன்றைப் பிரித்துப் பாருங்கள். நடுவே ரோட்டர்: ஒரு காயிலைச் சுற்றி, இரு பக்கமிருந்தும் ஆறாறு இரும்பு விரல்கள், இரண்டு கைகளையும் கோத்ததுபோல. பிரஷ் வழியாக 3, 4 ஆம்பியர் கொடுத்தால் விரல்கள் மாறி மாறி வடதுருவம், தென்துருவம் ஆகின்றன. சுற்றிலும் அசையாமல் நிற்கும் ஸ்டேட்டர் காயிலில் மின்சாரம் பிறக்கிறது. அது மாறுதிசை மின்சாரம். ஆறு சிலிக்கான் டயோடுகள் அதை நேர்ப்படுத்துகின்றன. (அந்த டயோடுகள் மலிவான பிறகுதான் இது சாத்தியமானது. 1960இல் கிரைஸ்லரின் வேலியன்ட் காரில் ஆல்டர்னேட்டர் வழக்கமான பாகமாகவே வந்தது.)

ரோட்டர் நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றினால், 12 துருவங்களுக்கு 300 ஹெர்ட்ஸ். 6000 சுற்றுக்கு 600 ஹெர்ட்ஸ். நம் வீட்டு மின்சாரம் வெறும் 50. வேகம் இரட்டித்தால் காயிலில் பிறக்கும் வோல்டேஜும் இரட்டிக்கிறது. ஆனால் காயிலுக்கு ஒரு குணம் உண்டு: தன்னுள் ஓடும் மின்சாரம் எவ்வளவு வேகமாகத் திசை மாறுகிறதோ, அவ்வளவு கடுமையாக அதை எதிர்க்கும். அதிர்வெண் இரட்டித்ததால் அந்த எதிர்ப்பும் சரியாக இரட்டிக்கிறது. தள்ளுகிற கையும் தடுக்கிற கையும் ஒரே அளவில் வலுக்கின்றன. ஆகவே கரண்ட் ஓர் எல்லைக்கு வந்ததும், எஞ்சினை எவ்வளவு விரட்டினாலும் ஏறக்குறைய அங்கேயே நின்றுவிடுகிறது. ரிலே இல்லை, தனிச் சுற்று இல்லை. பள்ளியில் படித்த லென்ஸ் விதியே கடிவாளம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இந்த ரோட்டரில் அருமண் காந்தம் துளியும் இல்லை. ரெனோவும் பிஎம்டபிள்யூவும் தங்கள் மின்சாரக் கார்கள் சிலவற்றின் மோட்டாரில் இதேபோல் காயில் சுற்றிய ரோட்டரைத்தான் வைத்திருக்கின்றன. அந்தக் காந்தத்துக்குச் சீனாவை எதிர்பார்த்திருக்கும் நாம், நம் பொறியியல் கல்லூரிகளில் இத்தகைய காந்தமில்லா மோட்டார் ஆய்வுக்குத் தாராளமாகப் பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அப்படியானால் ஆபத்தே இல்லையா? இருக்கிறது, ஒயரில். 4 சதுர மி.மீ. ஒயர் 2 மீட்டர் நீளம் என்று வைத்துக்கொள்வோம். 22 ஆம்பியர் ஓடினால் அதில் வீணாகும் வெப்பம் 4 வாட்தான். 65 ஆம்பியர் ஓடினால் 36 வாட். சின்ன சாலிடரிங் அயர்னைவிட அதிகம். டெர்மினல் ஒன்று தளர்ந்திருந்தால் அந்த இடத்திலேயே உருகத் தொடங்கும். எனவே ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரிக்கு 16 சதுர மி.மீ. ஒயர் ஒன்றைத் தனியாக இழுத்து, நடுவே ஃபியூஸ் போடுங்கள். டேஷ்போர்டில் அம்மீட்டர் இருந்தால் அதன் வழியாக இந்தக் கரண்டை விடவே கூடாது. பழைய கட்-அவுட் பெட்டியையும் சுற்றிலிருந்து விலக்கிவிட வேண்டும். சில பழைய வண்டிகளில் பேட்டரியின் பிளஸ் முனைதான் பாடியோடு இணைந்திருக்கும். அதைப் பார்க்காமல் மாட்டினால் டயோடுகள் அந்த நொடியே போய்விடும். சார்ஜிங் விளக்கின் பல்பையும் சோதியுங்கள். பல வகைகளில் ரோட்டரை முதலில் காந்தமாக்குவது அதன் வழியே வரும் சிறு கரண்ட்தான்.

அடுத்தது பெல்ட். 65 ஆம்பியர் முழுவதும் எடுத்தால், இழப்புகளையும் சேர்த்து இரண்டு குதிரைத்திறன் வரை அந்த ஒற்றை ஃபேன் பெல்ட் சுமக்க வேண்டும். தேய்ந்த பெல்ட் என்றால் வழுக்கிக் கீச்சிடும்.

கடைக்காரரிடம் பேசும்போது ஒன்றை மறக்காதீர்கள். 65 என்று பொறித்திருப்பது 6000 சுற்றுக்கான கணக்கு. ஐடிலிங்கில் எஞ்சின் 750 சுற்று, புல்லி இரண்டு மடங்கு தந்தால் 1500. அப்போது பாதிகூடக் கிடைக்காமல் போகலாம். உங்கள் விளக்கு மங்குவதே சிக்னலில்தானே. ஆகவே குறைந்த வேகத்தில் எத்தனை ஆம்பியர் என்று கேட்டு வாங்குங்கள். மாட்டியதும் ஹெட்லைட், ஏ.சி. எல்லாவற்றையும் போட்டு, எஞ்சினை ஐடிலிங்கில் விட்டு, பேட்டரி முனைகளில் மல்டிமீட்டர் வையுங்கள். 13.5க்கு மேல் காட்டினால் வேலை முடிந்தது. 12.5க்கு இறங்கினால் இன்னமும் பேட்டரிதான் கொடுத்துக்கொண்டிருக்கிறது. ஆல்டர்னேட்டரின் புல்லியை ஓர் அளவு சிறியதாக மாற்றச் சொல்லுங்கள்.