கடல் பேனா வேண்டாம், கடல் இறகுன்னு சொல்லுங்க

மறுபடியும் ஒரு செய்தி, "ஆழ்கடலில் புதிய வகை கடல் பேனா கண்டுபிடிப்பு"ன்னு. இங்கிலீஷ்ல சீ பென்னுன்னு சொல்ற கடல் பிராணியத்தான் இப்படி எழுதுறாங்க. இங்க கொடைக்கானல் மலைல பூம்பாறைங்கிற ஊர்ல ஒரு பையன் அதைப் படிச்சுட்டு அதுக்குள்ள மை இருக்குமான்னு கேக்குறான். அவன் மேல தப்பே இல்ல, மை கக்குற கணவாய் கடல்ல இருக்கிறப்ப பேனான்னு பேர் வச்சா வேற என்ன நினைப்பான்? மலைல இருக்கிற பிள்ளைக்கு அந்தப் பிராணிய நேர்ல பாக்க வழியில்ல, பேர் மட்டும்தான் அவனுக்குப் படம்.

வேர் என்னன்னா, லத்தீன்ல பென்னான்னா இறகு. இறகு முனையச் சீவி மை தொட்டு எழுதுனதால இங்கிலீஷ்ல பென், போர்ச்சுகீஸ்ல பெனா, அங்கருந்து நம்ம பேனா. உயிரினங்களுக்கு அறிவியல் பேர் வைக்கிற முறையக் கொண்டுவந்த லின்னேயஸ் 1758ல இந்தப் பிராணிக்குப் பென்னாடுலான்னு பேர் வச்சதும் இறகு மாதிரி இருக்குன்னுதான்.

பிராணியும் அப்படித்தான் இருக்கு. பவளத்துக்குச் சொந்தம், ஆனா பவளப்பாறை கட்டாது. பாலிப்புங்கிற குட்டி உயிர்கள் பல ஒண்ணாச் சேர்ந்ததுதான் இதோட உடம்பு. முதல் பாலிப் நீண்டு நடுத்தண்டா மாறி அடிப்பக்கம் சேத்துல ஊனிக்கும், மத்த பாலிப்பெல்லாம் அதுல ரெண்டு பக்கமும் முளைக்கும். சில பாலிப் இரை பிடிக்கும், சிலது தண்ணிய உள்ள இழுத்து மொத்த உடம்பையும் நிமித்தி நிறுத்தும். ஒவ்வொரு பாலிப்புக்கும் எட்டு உணர்கொம்பு, அந்த உணர்கொம்புலயும் ஓரமெல்லாம் இறகு மாதிரியே கிளைகள். இறகுக்குள்ள இறகு. இதைப் போயா பேனாங்கிறது?

தனித்தமிழ் ஆட்கள் கொஞ்சம் பேர் "கடல் எழுதுகோல்"னு எழுதுறாங்க. எனக்குத் தனித்தமிழ் மேல மதிப்பு உண்டு, அதனாலயே இது இன்னும் வலிக்குது. பேனாவ எடுத்துட்டு எழுதுகோலப் போட்டா சொல் தமிழாச்சு, ஆனா கோல்னு வந்ததும் இறகு அடியோட போயிருச்சே, தப்பான அர்த்தத்தை சுத்தத் தமிழ்ல சொல்றதுல யாருக்கு என்ன லாபம். இன்னொருத்தர் பேனாவே மூலத்துல இறகுதானே, அது சரிதானேன்னு வாதாடுறார். மூலத்துல சரி, ஆனா படிக்கிறவன் காதுல போர்ச்சுகீஸ் கேக்காது, சட்டைப் பையில இருக்கிற பால்பாயிண்ட்தான் தெரியும்.

எல்லாமே இறகு வடிவம் இல்லையேன்னும் கேப்பாங்க. உண்மைதான். 200க்கு மேல சிற்றினம் இருக்கு, சிலது சாட்டை, சிலது கதாயுதம், ரெனில்லாங்கிற பேரினம் இலை மாதிரி தட்டை. ஆனா அதுல எதுவும் பேனா மாதிரியும் இல்ல. கூட்டத்துக்குப் பேர் குடுத்தது பென்னாடுலாங்கிற இறகு வடிவப் பேரினம், அதனால கடல் இறகுதான் நிக்கும். இறகு நட்சத்திரம்னு ஒண்ணு இருக்கு, அது நட்சத்திர மீனுக்குச் சொந்தம், குழப்பிக்க வேண்டாம்.

அப்புறம் அந்த "புதிய வகை". வகைன்னா தக்காளில நாட்டு வகை, ஒட்டு வகைன்னு சொல்றது. இங்க சொல்ல வேண்டியது சிற்றினம், பள்ளிக்கூடப் புத்தகத்துலயே இருக்கிற சொல். ஒண்ணைப் புதுச் சிற்றினம்னு சொல்ல எவ்வளவு வேலை இருக்கு தெரியுமா, துணுக்கு சதையை பிளீச்ல கரைச்சு உள்ள இருக்கிற சுண்ணாம்பு நுண்முள்ள மைக்ராஸ்கோப்ல பாக்கணும், சிலதுல முள்ளே இருக்காது, டிஎன்ஏவும் பாக்கணும். சேத்துலதான் ஊனும்னு நினைச்சிருந்தப்ப 2011ல பாறைல ஒட்டுற சிற்றினங்களை விவரிச்சாங்க. 2022ல டிஎன்ஏ வச்சு மொத்தத்தையும் திருப்பிப் பார்த்து, தனி வரிசையா (வகைப்பாட்டுல பேரினத்துக்கு மேல வர்ற பெரிய பிரிவு) இருந்த கடல் இறகுகளை ஸ்க்ளெரால்சியோனேசியாங்கிற பெரிய வரிசைக்குள்ள சேர்த்துட்டாங்க. இத்தனையும் "வகை"ங்கிற ஒரு சொல்லுல அமுங்கிப் போகுது.

மொழிபெயர்க்கிறவங்க பொருளைப் பாக்காம இங்கிலீஷ் சொல்லை மட்டும் பாக்குறதுதான் கோளாறு. நம்ம மலைக் காட்டுக்குச் சொல்ற சோலைங்கிற சொல்லையே எடுத்துக்கங்க, இங்கிலீஷ்காரன் ஷோலான்னான், நாம அதைத் திருப்பி வாங்கி "சோலா காடு"ன்னு எழுதுறோம், ஆனா 2017ல இங்க இருக்கிற சோலைக் குருவிக்கு ஷோலிகோலான்னு பேரினப் பேர் வச்சவங்க நம்ம சொல்லைத் தேடி எடுத்திருக்காங்க.

கடல் இறகுன்னு எடுத்துக்கிட்டா மத்ததும் தானா அமையும். அம்பெலுலாங்கிற பேரினத்துக்கு நீளத் தண்டு, உச்சில மட்டும் பாலிப் கொத்து, லத்தீன்லயே குடைன்னுதான் பேர், குடை இறகுன்னு வைக்கலாம். ரெனில்லாவுக்கு இலை இறகுன்னு நான் எழுதிட்டு வர்றேன், இதைவிடப் பொருத்தமா யாருக்காவது தோணுனா சொல்லுங்க, மாத்திக்கிறேன்.