பேட்டரி வண்டியும் 11 பைசாக் கடனும்

தண்டையார்பேட்டையில் எங்கள் தெருமுனை டீக்கடைக்கு வரும் ஆட்டோக்கார அண்ணன் ஒருத்தர், நான் பேட்டரி ஸ்கூட்டர் வாங்கிய நாளிலிருந்து என்னை விடுவதில்லை. "இன்னா தம்பி, பெட்ரோலும் போடறதில்ல, டாக்ஸும் கட்டல, ரோடு மட்டும் உனக்கு ஓசியா?" விளையாட்டுக்குத்தான் கேட்கிறார். ஆனால் கேள்வியில் நியாயம் இருக்கிறது. வேலைக்குத் தினமும் மணலி வரை போய் வருகிறேன், அந்த ரோட்டை யாரோ காசு போட்டுத்தானே ஒட்டுப் போடுகிறார்கள்?

பெட்ரோல் பங்கில் நிற்பது வெறும் எண்ணெய் ஊற்றும் கருவி இல்லை, அது ஒரு வரி மீட்டரும்கூட. 2022 மே மாதம் வரியைக் குறைத்த பிறகு பெட்ரோல் லிட்டருக்கு மத்திய அரசின் கலால் வரி 19 ரூபாய் 90 காசாக இருந்தது. அதில் 5 ரூபாய் சாலை மற்றும் உள்கட்டமைப்பு செஸ், அதாவது அந்த வேலைக்கென்றே தனியாக வசூலிக்கும் வரி. டீசலில் அந்த செஸ் 2 ரூபாய். அதிகம் ஓட்டினால் அதிகம் எரியும், வண்டி கனமாக இருந்தாலும் அதிகம் எரியும், ஆகவே ரோட்டை அதிகம் பயன்படுத்துகிறவர் தானாகவே அதிகம் கட்டிவிடுவார். யாரும் வீட்டுக்கு வந்து கணக்கு கேட்க வேண்டியதில்லை. பேட்டரி வண்டி வந்ததும் இந்த மீட்டர் ஓடுவது நின்றுவிட்டது. போதாததற்குத் தமிழ்நாட்டின் 2023 மின்வாகனக் கொள்கை சாலை வரியையும் முழுசாகத் தள்ளுபடி செய்தது. பெட்ரோல் ஸ்கூட்டர் வாங்குகிறவர் ஷோரூமிலேயே ஆயுள் வரி கட்டிவிட்டுத்தான் வெளியே வருகிறார்.

சரி, என் கடன் எவ்வளவு? ஒரு பெட்ரோல் ஸ்கூட்டர் லிட்டருக்கு 45 கிலோமீட்டர் தரும் என்று வைத்துக்கொண்டால், அந்த 5 ரூபாய் செஸ் கிலோமீட்டருக்கு 11 பைசா ஆகிறது. என் வண்டி இதுவரை ஓடியது 14,300 கிலோமீட்டர். ஆக 1,573 ரூபாய் நான் கொடுக்காமல் விட்டது. (மாநிலத்தின் வாட் வரி தனி, அது பொதுக் கஜானாவுக்குப் போகிறது, அதை இங்கே இழுக்கவில்லை.)

இதே கணக்கை எனக்குப் பக்கத்தில் உறுமிக்கொண்டு வரும் கண்டெய்னர் டிரெய்லருக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. லிட்டருக்கு 4 கிலோமீட்டர், செஸ் 2 ரூபாய், ஆக கிலோமீட்டருக்கு 50 பைசா. என் கணக்கில் ஒரு ஸ்கூட்டர் கட்டுவதைப்போல நாலரை மடங்குதான். டோலும் சாலை வரியும் டிரெய்லர் தனியாகக் கட்டுகிறது என்பது உண்மை, இருந்தாலும் அது ரோட்டுக்குச் செய்யும் சேதம் நாலரை மடங்கா?

அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தின் ஒட்டாவா ஊருக்குப் பக்கத்தில் 1958 முதல் 1960 வரை ஒரு பெரிய சோதனை நடந்தது. வெவ்வேறு கனத்தில் தார் ரோடும் கான்கிரீட் ரோடும் வளையம் வளையமாகப் போட்டு, ராணுவ வீரர்களை வைத்து லாரிகளை அதே தடத்தில் சுற்றிச் சுற்றி ஓட விட்டார்கள். 11 லட்சம் தடவைக்கு மேல் ஆக்ஸில்கள் (சக்கரங்களை இணைக்கும் அச்சு) ஏறி இறங்கின. அதிலிருந்து வந்ததுதான் நான்காம் அடுக்கு விதி: ஒரு ஆக்ஸிலின் எடை இரண்டு மடங்கானால் ரோட்டின் சேதம் சுமார் 16 மடங்காகிறது, மூன்று மடங்கானால் 81. ரோட்டின் வகையைப் பொறுத்து இந்த அடுக்கு கொஞ்சம் ஏறும், இறங்கும், ஆனால் போக்கு இதுதான். கம்பியை லேசாக வளைத்து வளைத்து விடுங்கள், நாள் முழுக்க ஆட்டினாலும் ஒன்றும் ஆகாது. ஒடித்து மடக்கினால் பத்தாவது தடவை கையோடு வந்துவிடும். சக்கரம் ஏறும்போது தார் அடுக்கும் இப்படித்தான் கண்ணுக்குத் தெரியாமல் வளைந்து நிமிர்கிறது.

என் ஸ்கூட்டரில் நானும் ஏறினால் சக்கரத்துக்குச் சுமார் 100 கிலோ. சரக்கு ஏற்றிய டிரெய்லரின் ஒரு ஆக்ஸில் 10 டன் என்று வைப்போம் (நாலு டயர் ஆக்ஸிலுக்கு 2018 முதல் 11.5 டன் வரை சட்டமே அனுமதிக்கிறது). எடை 100 மடங்கு. சேதம் 10 கோடி மடங்கு. அந்த ஒரே ஆக்ஸில் ஒரே தடவை செய்வதை நான் செய்து முடிக்க, தினமும் போக ஒன்று வர ஒன்று என்று ஓட்டினால், இரண்டு சக்கரத்தையும் கணக்கில் சேர்த்தாலும், 68,000 வருஷத்துக்கு மேல் ஆகும். ஆட்டோ அண்ணனிடம் இதைச் சொன்னேன், நம்பவில்லை. நானும் மூன்று தடவை பெருக்கிப் பார்த்த பிறகுதான் நம்பினேன்.

எங்கள் பக்கத்தில் இன்னொரு விஷயமும் சேர்கிறது. தார் என்பது பாறை மாதிரி கெட்டி இல்லை, ரொம்பக் கெட்டியான வெல்லப்பாகு மாதிரி. சட்டென்று தட்டினால் தாங்கும், மெதுவாக அழுத்திக்கொண்டே இருந்தால் நகர்ந்துவிடும், வெயிலில் இன்னும் இளகும். எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் துறைமுகத்துக்குள் போகக் காத்து நிற்கும் டிரெய்லர் வரிசையைப் பார்த்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மே மாத வெயிலில், ஒரே தடத்தில், மணிக்கணக்கில் நிற்கும் கனம். சிக்னல் பக்கத்தில் சக்கரத் தடம் பள்ளமாகி, பிதுங்கிய தார் இரண்டு பக்கமும் வரப்பு மாதிரி எழும்பி நிற்கிறது. டூவீலர்க்காரனுக்கு அந்த வரப்புதான் எமன், முன் சக்கரம் அதில் மாட்டினால் ஹேண்டில் நம் பேச்சைக் கேட்காது. போன வருஷம் முழங்கையில் தோல் உரிந்தது எனக்கு அப்படித்தான்.

பேட்டரி கார் கனமாயிற்றே, அது ரோட்டை நாசம் பண்ணும் என்று ஒரு பேச்சு இருக்கிறது. பாதி நிஜம். ஆட்களோடு 1.5 டன் இருக்கும் பெட்ரோல் கார், பேட்டரியால் 1.7 டன் ஆனால் சேதம் 1.6 மடங்குக்கு மேல் போகும். கேட்க பயமாக இருக்கும். ஆனால் லாரியின் அந்த ஒரு ஆக்ஸிலுக்குச் சமமாக இந்தக் காரின் ஆக்ஸில் 19,000 தடவைக்கு மேல் ஏறி இறங்க வேண்டும். தூசு.

அதற்காக நான் ஒன்றுமே கட்ட வேண்டாம் என்றும் ஆகாது. வண்டியே ஓடாத ரோடும் கெடும். வெயிலில் தார் வறண்டு வெடிக்கும், வெடிப்பில் மழைத்தண்ணீர் இறங்கும், அடி மண் இளகும், அப்புறம் ஒரு பஸ் ஏறினால் போதும், குழி. விளக்கு, மழைநீர் வடிகால், பெருக்குவது, கோடு போடுவது இதெல்லாம் எடையைப் பார்த்து வருகிற செலவு இல்லை. அதை எல்லோரும்தான் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும்.

வசூலிப்பதற்கு மற்ற ஊர்களில் என்ன செய்கிறார்கள்? அமெரிக்காவின் டெக்சாஸில் 2023 முதல் மின்வாகனத்துக்கு வருஷம் 200 டாலர், அவ்வளவுதான், சுலபம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மட்டும் வண்டி எடுக்கும் தாத்தாவும் நாள் முழுக்க டெலிவரி ஓட்டுகிறவரும் ஒரே தொகை கட்டுவது எனக்கு ஒப்பவில்லை. கரண்டில் வரி போடலாமே என்றால், என் ஸ்கூட்டர் 100 கிலோமீட்டருக்குக் குடிக்கும் 3 யூனிட்டை வீட்டு மிக்ஸியும் ஃபேனும் குடிப்பதிலிருந்து எப்படிப் பிரிப்பது? பொது சார்ஜிங் நிலையத்தில் மட்டும் வரி என்றால், ஒண்டுக்குடித்தனத்தில் இருந்துகொண்டு பிளக் பாயிண்டுக்கு வீட்டுக்காரரிடம் கெஞ்சுகிறவர் தலையில்தான் அது விழும், சொந்த வீட்டுக்காரர் தப்பித்துவிடுவார்.

மிச்சம் இருப்பது ஓடிய தூரம். நியூசிலாந்தில் டீசல் வண்டிக்காரர்கள் பல பத்தாண்டுகளாக 1,000 கிலோமீட்டர் கணக்கில் முன்கூட்டியே வாங்கிக்கொள்கிறார்கள், 2024 ஏப்ரல் முதல் மின்சார கார்களும் அப்படியே, ஆயிரத்துக்கு 76 நியூசிலாந்து டாலர். ஐஸ்லாந்தும் அதே வருஷம் ஆரம்பித்தது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 2021லேயே ஆரம்பித்தது, ஓடோமீட்டரைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னது. இரண்டு மின்வாகனக்காரர்கள் வழக்குப் போட, இந்த மாதிரி வரி போட மாநிலத்துக்கு அதிகாரமே இல்லை, அது மத்திய அரசின் வேலை என்று 2023 அக்டோபரில் அந்த நாட்டின் உச்ச நீதிமன்றமான ஹைகோர்ட் 4க்கு 3 என்று தள்ளிவிட்டது. மத்திய அரசா மாநிலமா என்ற சண்டை அங்கேயும் உண்டு.

நியூசிலாந்து முறையில் எனக்குப் பிடித்தது கனரக வண்டிகளுக்கான கட்டணம்தான், எடையோடு ஆக்ஸில் எண்ணிக்கையையும் பார்க்கிறார்கள். 30 டன்னை மூன்று ஆக்ஸிலில் ஏற்றினால் சேதம் 3 பங்கு என்று வைத்தால், அதே 30 டன்னை ஐந்து ஆக்ஸிலில் பரப்பினால் முக்கால் பங்குகூட வராது. சரக்கு குறையவில்லை, வாடகையும் பெரிதாக ஏறாது, ரோடு மட்டும் பிழைக்கிறது. கட்டணத்தை அப்படி வைத்தால் லாரி முதலாளியே ஆக்ஸில் கூடின வண்டியாகப் பார்த்து வாங்குவார்.

இங்கே செய்வதென்றால் வருஷா வருஷம் இன்ஷூரன்ஸ் புதுப்பிக்கும்போது மீட்டர் ரீடிங் கொடுத்தால் போதும், எங்கே போனேன் என்று ஜி.பி.எஸ். வைத்துப் பார்க்க வேண்டியதில்லை. மீட்டரைத் திருத்துகிறவன் திருத்துவான், ஆனால் செகண்ட் ஹேண்டில் விற்கும்போதும் விபத்து கிளெய்மிலும் மாட்டுவான். எல்லோருக்கும் பொதுவாக ஒரு சின்னத் தொகை, அதற்கு மேல் எடையும் தூரமும். என் 1,573 ரூபாயை நாளைக்கே கேட்டாலும் கட்டுகிறேன், கேட்க வருகிறவர் துறைமுகத்தின் ஜீரோ கேட் பக்கம் நிற்கும் டிரெய்லரையும் எடை மேடையில் ஏற்றிவிட்டு வரட்டும்.