‘ரியலிசம் 100 சதவீதம்’ வைத்து ஓட்டினேன் சார்

மறுபடியும் அதே கதை. விமானப் பயிற்றுநரான என்னிடம், வீட்டுக் கம்ப்யூட்டரில் ஃப்ளைட் சிமுலேட்டர் (விமானம் ஓட்டுவதுபோலக் காட்டும் மென்பொருள், சுருக்கமாக சிம்) ஓட்டிப் பழகிவிட்டு இன்னொரு மாணவன் வந்தான். பையன் கெட்டிக்காரன், ஆர்வம் நிறைய. காக்பிட்டில் எந்த சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று எனக்கே பாடம் எடுப்பான். செஸ்னா 172 என்ற சிறிய பயிற்சி விமானத்தில், ஸ்டால் (மூக்கை அளவுக்கு மீறித் தூக்கியதால் இறக்கை தூக்குவிசையை இழக்கும் நிலை) பயிற்சிக்கு வேண்டிய உயரம் ஏறி, பவரைக் குறைத்து, மூக்கைத் தூக்கிப் பிடிக்கச் சொன்னேன். இடது இறக்கை சட்டென்று சரிந்தது. அவன் யோக்கை (கார் ஸ்டீயரிங் போன்ற கைப்பிடி) வலது பக்கம் முழுக்கத் திருப்பினான், கூடவே பின்னாலும் இழுத்தான். கால்கள் இரண்டும் ரடர் பெடலில் (வாலில் உள்ள ரடர் தகட்டைத் திருப்பும் மிதி) பேருக்கு இருந்தன. கன்ட்ரோலை நான் வாங்கிக்கொண்டேன். ஸ்டாலில் இப்படிச் செய்தால் சரிவு இன்னும் மோசமாகும்; ஏன் என்பது எந்தப் பயிற்சிப் புத்தகத்திலும் இருக்கிறது, இங்கே விளக்கப் போவதில்லை. இறங்கிய பிறகு அவன் சொன்னதுதான் என்னை எழுத வைத்தது: “வீட்டில் ரியலிசம் 100 சதவீதம் வைத்துத்தான் ஓட்டினேன் சார். அதில் இப்படிச் செய்தால் சரியாகிவிடும்.”

அன்று மாலையே அவன் அப்பாவிடமிருந்து போன். “வீட்டில் ஆயிரம் மணி நேரம் ஓட்டியிருக்கான் சார், கொஞ்சம் சீக்கிரம் சோலோ, தனியாப் பறக்க, விட முடியுமா?” முடியாது. வணிக விமானி உரிமத்துக்கு டிஜிசிஏ (நம் நாட்டின் விமானத் துறை ஒழுங்குமுறை அமைப்பு) கேட்கும் 200 மணி நேரத்தில் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஓட்டியது ஒரு நிமிடம்கூடச் சேராது.

படம் நிஜம்போல இருப்பது வேறு, பறப்பது நிஜம்போல இருப்பது வேறு. 2020-ல் வந்த மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டரில் செயற்கைக்கோள் படங்களை வைத்து உலகத்தையே விரித்துவிட்டார்கள். உங்கள் தெருவே தெரியும், மேகம் தத்ரூபமாக இருக்கும். அதைப் பார்த்துவிட்டு, விமானமும் அப்படியே பறக்கிறது என்று மனசு முடிவு கட்டிவிடுகிறது. இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை.

சிமுக்கு விமானம் வடிவமைப்பவர்கள் பலரும் திறமைசாலிகள், பாவம், குறை சொல்லவில்லை. ஆனால் அவர்கள் கையில் பெரும்பாலும் இருப்பது விமானத்தின் கையேடு. அதில் ஏறும் வேகம், குரூஸ் வேகம், எரிபொருள் செலவு, ஸ்டால் வேகம் எல்லாம் அட்டவணையாக இருக்கும். செஸ்னாவின் 172எஸ் ரகம், ஃப்ளாப் (இறக்கையின் பின்விளிம்பில் கீழே இறக்கும் தகடு) இறக்காமல் 48 நாட் (விமான வேக அளவு) வேகத்தில் ஸ்டால் ஆகும் என்று கையேடு சொன்னால், சிமிலும் 48-ல் ஆகும்படி செய்துவிடலாம். மூக்கு எவ்வளவு சுருக்காகத் திரும்பும், ஆட்டம் எத்தனை நொடியில் அடங்கும், எந்த இறக்கை முதலில் சரியும், கைக்கு எவ்வளவு கனக்கும் என்பதெல்லாம் கையேட்டில் கிடையாது. பறந்து அளந்தால்தான் தெரியும். அந்த அளவுகளை நிறுவனங்கள் சும்மா தருவதில்லை. பத்துப் பொருத்தமும் பார்த்தாயிற்று, பெண்ணோ பையனோ எப்படிப்பட்டவர் என்று மட்டும் தெரியாது என்கிற மாதிரிதான் இது.

“எக்ஸ்-பிளேன் அப்படி இல்லை சார், அது எஃப்ஏஏ அங்கீகரித்தது” என்று ஒருவர் கட்டாயம் வருவார். எக்ஸ்-பிளேன் இன்னொரு சிம், எஃப்ஏஏ அமெரிக்காவின் விமானத் துறை ஒழுங்குமுறை அமைப்பு. எக்ஸ்-பிளேன் இறக்கையையும் ப்ரொப்பெல்லரையும் சிறு துண்டுகளாகப் பிரித்து ஒவ்வொன்றின் மீதும் விசையைக் கணக்கிடுகிறது. நல்ல முறைதான். ஆனால் காற்று இறக்கையை விட்டுப் பிரிந்து கலங்கிய பிறகு, அதாவது ஸ்டாலில், எந்தக் கணக்கும் தடுமாறும். அப்புறம், எஃப்ஏஏ அங்கீகரிப்பது குறிப்பிட்ட யோக், பெடல், த்ராட்டில் எல்லாம் சேர்ந்த ஒரு முழுக் கருவியை. உங்கள் மேஜையில் இருக்கும் ஜாய்ஸ்டிக்குக்கும் அந்த அங்கீகாரத்துக்கும் தொடர்பு கிடையாது.

ஜாய்ஸ்டிக் என்றதும் கோபம் வந்துவிடுகிறது. 172-ன் யோக்கில் கைக்குத் தெரியும் கனம் காற்றிலிருந்து கேபிள் வழியாக வருகிறது. வேகம் இரு மடங்கானால், அதே அளவு அசைக்க ஏறக்குறைய நான்கு மடங்கு விசை வேண்டும். வேகம் குறைந்தால் எய்லரான் (விமானத்தைச் சாய்க்கும் இறக்கைத் தகடு) தொளதொளத்துப்போகும். ஸ்டால் நெருங்குகிறது என்று கை முதலில் உணர்வது அதைத்தான். ஜாய்ஸ்டிக்கின் ஸ்பிரிங்குக்கு 60 நாட் வேகமும் ஒன்று, 120 நாட் வேகமும் ஒன்று. நிஜத்தில் ட்ரிம் சக்கரத்தை (கையால் பிடித்துக்கொண்டே இருக்காமல் மூக்கை ஒரு நிலையில் நிறுத்த உதவுவது) சுழற்றினால் யோக் தானாக நிற்கும் இடமே மாறும், ஸ்பிரிங்கோ எப்போதும் நடுவுக்கே இழுக்கும். இது போதாதென்று சென்சிடிவிட்டியைத் தனக்குத் தோதாகத் திருத்தி வைத்துக்கொள்கிறார்கள். நீங்களே செய்துகொண்ட ஒரு உணர்வைப் பழகிவிட்டு, அதை செஸ்னாவின் உணர்வு என்று சொன்னால் எப்படி?

உடம்புக்கும் இதே கதைதான். உயரம் குறையாமல் 60 டிகிரி சாய்த்துத் திருப்பினால் 2 ஜி, அதாவது உடல் எடை இரு மடங்காகத் தெரியும், ஸ்டால் வேகம் சுமார் 41 சதவீதம் கூடும். நிஜ விமானத்தில் இருக்கை உங்களை அழுத்திச் சொல்லும். வீட்டு நாற்காலி எதுவும் சொல்லாது.

விமான நிறுவனங்களின் கோடிக்கணக்கான ரூபாய் சிமுலேட்டர்களுக்கே இதில் எல்லை உண்டு. 2009 பிப்ரவரியில் அமெரிக்காவின் பஃபலோ அருகே கோல்கன் ஏர் நிறுவனத்தின் க்யூ400 பயணிகள் விமானம் விழுந்து 50 பேர் இறந்தார்கள். ஸ்டால் எச்சரிக்கை வந்ததும், முன்னால் தள்ள வேண்டிய யோக்கை கேப்டன் பின்னால் இழுத்தார். அதுவரை சிமுலேட்டர் பயிற்சி பெரும்பாலும் ஸ்டால் தொடங்கும் கட்டத்தோடு நின்றுவிடும். முழு ஸ்டால் பயிற்சி அங்கே கட்டாயமானது 2019-ல்தான், அதற்காக சிமுலேட்டர்களின் கணக்கையே திருத்த வேண்டியிருந்தது.

2001 நவம்பர் 12 இன்னும் மோசம். நியூயார்க்கில் புறப்பட்ட அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 587, முன்னால் போன 747 விமானத்தின் காற்றுச் சுழலில் சிக்கியது. துணை விமானி ரடரை மாறி மாறி இரு பக்கமும் முழுக்க மிதித்தார். செங்குத்து வால் பிய்ந்து போனது. விமானத்தில் 260 பேரும் தரையில் 5 பேரும் இறந்தார்கள். மிதித்ததுதான் காரணம் என்ற அமெரிக்க விபத்து விசாரணை அமைப்பான என்டிஎஸ்பி, அந்த ஏ300-600 விமானத்தின் ரடர் வடிவமைப்பும் நிறுவனத்தின் பயிற்சித் திட்டமும் துணைக் காரணங்கள் என்றது. வேகம் கூடக்கூட அந்த ரடர் பெடல் கொஞ்சம் அசைந்தாலே போதும், எல்லைக்குப் போய்விடும். பயிற்சித் திட்டத்தில் இருந்த ஒரு சிமுலேட்டர் பாடமோ, காற்றுச் சுழலின் பாதிப்பை நிஜத்தைவிட மிகைப்படுத்திக் காட்டியது. தொழில்முறை சிமுலேட்டரே தப்பாகச் சொல்லிக்கொடுக்க முடியும் என்றால், உங்கள் படுக்கையறையில் இருப்பது?

சிமைக் கடாசச் சொல்லவில்லை. செக்லிஸ்ட், ரேடியோ பேச்சு, விஓஆர், ஐஎல்எஸ் என்ற ரேடியோ வழிகாட்டிகள், ஜி1000 திரைக் கருவியின் பட்டன்கள் எல்லாம் வீட்டிலேயே பழகிவிட்டு வந்தால் பெற்றோருக்கு உண்மையிலேயே காசு மிச்சம். இதில் வீட்டில் பழகியவர்கள் மற்றவர்களைவிட முன்னால் நிற்பதைப் பார்க்கிறேன்.

சரி, செய்ய வேண்டியவை. சிமில் ரடரைத் தானே கையாளும் ஆட்டோ ரடரை இன்றே அணைத்துவிடுங்கள். இரண்டாவது மானிட்டருக்கு வைத்திருக்கும் பணத்தில் பெடல் வாங்குங்கள். டேக்ஆஃபில் பவர் கொடுத்ததும் மூக்கு இடப்பக்கம் ஓடும், வலது கால் தூங்கக் கூடாது. திரையில் மீட்டர்களை மறைத்துவிட்டு வெளியே பார்த்து ஓட்டுங்கள். மீட்டரையே முறைத்துக்கொண்டு வருபவர்களின் பேனலை நாங்கள் அட்டை வைத்து மறைக்க வேண்டியிருக்கிறது. ஸ்டால், ஸ்பின் (ஸ்டாலாகிச் சுழன்று விழுவது), ஃப்ளேர் (தரை தொடும் முன் மூக்கைத் தூக்குவது) மூன்றையும் வீட்டில் ‘கை பழகுவதற்காக’ செய்யவே செய்யாதீர்கள். ஒற்றைத் திரையில் பக்கவாட்டுப் பார்வை கிடையாது, தரை எவ்வளவு கீழே என்பது தெரியாது. அப்படிப் பழகியதை மறக்கடிக்கத்தான் அதிக மணி நேரம் செலவாகிறது. அந்த மணிக்கும் நீங்கள்தான் பணம் கட்டுகிறீர்கள்.

இன்னொன்று, இது வேண்டுகோள். எந்த சிம், எந்த ஜாய்ஸ்டிக், பெடல் உண்டா என்பதை முதல் நாளே உங்கள் பயிற்றுநரிடம் சொல்லிவிடுங்கள், தம்பி, தங்கைகளே. யாரும் சிரிக்க மாட்டோம். பெடல் இல்லாமல் பழகியவர் என்று தெரிந்தால் முதல் பாடத்தில், தரையில் பெடலால் திருப்பி ஓட்டும் டாக்ஸிக்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் ஒதுக்குவோம், அவ்வளவுதான்.