அம்மாவின் கவலை வயிற்றுப் பிள்ளைக்குப் போய்ச் சேருமா?

"மாசமா இருந்தப்போ ரொம்பக் கவலைப்பட்டேன், அதனால்தான் பையன் இப்படித் தொட்டாற்சிணுங்கியா இருக்கானா?" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார்.

கவலை வந்தால் கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் ஏறும், பள்ளியிலேயே படித்ததுதான். கர்ப்பிணியின் ரத்தத்தில் அது சிசுவின் ரத்தத்தில் இருப்பதைப்போல 5 முதல் 10 மடங்கு இருக்கும். ஏன் அப்படியே உள்ளே போவதில்லை? நஞ்சுக்கொடியில் 11-பீட்டா-ஹெச்எஸ்டி-2 என்றொரு என்சைம், கார்டிசாலின் 11-வது கார்பன் பக்கத்தில் இரண்டே இரண்டு ஹைட்ரஜனைக் கழற்றிவிடுகிறது. அவ்வளவுதான், அது கார்டிசோன் ஆகிவிடும், ஹார்மோனைப் பிடித்துக்கொள்ளும் செல்லின் ஏற்பி அதைச் சீண்டாது. குறைமாதப் பிரசவம் ஆகலாம் என்றால் குழந்தையின் நுரையீரல் முதிர பெட்டாமெத்தசோன் ஊசி போடுவார்கள் இல்லையா, அதில் ஒரு ஃப்ளூரின் அணு இருப்பதால் இந்த என்சைமின் பருப்பு அதனிடம் அதிகம் வேகாது, மருந்து உள்ளே போய்விடும். எனக்கு இதில் தீராத வியப்பு.

இந்த என்சைமை முடக்கும் பொருள் நாட்டுமருந்துக் கடையிலேயே கிடைக்கிறது. அதிமதுரம்! அதன் இனிப்புக்குக் காரணமான கிளைசிரைசின்தான் ஆள். ஃபின்லாந்தில் அதிமதுர மிட்டாய் என்றால் உயிர். 1998-ல் ஹெல்சின்கியில் பிறந்த பிள்ளைகளை ஆய்வாளர் கத்ரி ரைக்கோனெனின் குழு தொடர்ந்து கவனித்தது. வாரம் 500 மில்லிகிராமுக்கு மேல் கிளைசிரைசின் உட்கொண்ட தாய்மாரின் பிள்ளைகள் 12 வயதுவாக்கில் நுண்ணறிவுச் சோதனையில் சராசரியாக 7 புள்ளி குறைவு. மிட்டாய்தான் காரணம் என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது, ஆனாலும் கிரகணத்தன்று கர்ப்பிணியை அறைக்குள் அடைத்துவிட்டு மறுநாள் "இயற்கைதானே, ஒண்ணும் பண்ணாது" என்று அதிமதுரப் பொடியை நீட்டுபவர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

சரி, பையன் விஷயம். பிரெய்ரி வோல் என்று எலி போன்ற ஒரு அமெரிக்கப் பிராணி. கர்ப்பத்தின் கடைசி நாட்களில் தாய்களுக்கு மன அழுத்தம் கொடுத்து, பிறந்த குட்டிகளை வேறு ஜோடிகளிடம் வளரவிட்டார்கள், சில ஜோடிகள் அணைத்து நக்கி வளர்ப்பவை, சில கண்டுகொள்ளாதவை. உளவியல் ஆய்வாளர் ஜே பெல்ஸ்கியும் சகாக்களும் 2018-ல் வெளியிட்ட முடிவு இது: அழுத்தம் பட்ட குட்டிகள் நல்ல வளர்ப்பில் எல்லாரையும்விட அமைதி, மோசமான வளர்ப்பில் எல்லாரையும்விடப் பதற்றம். அழுத்தம் படாதவற்றுக்கோ எங்கே வளர்ந்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை. அதாவது கெடுதல் மட்டுமல்ல, அரவணைப்பும் அவற்றில்தான் அதிகம் ஒட்டுகிறது.

மனிதக் குழந்தைகளை இப்படி மாற்றி வளர்த்துப் பார்க்க முடியாது, பிறந்ததிலிருந்து வருடக்கணக்கில் பின்தொடர வேண்டும். வேலூர், மைசூர், புனேயில் அப்படிச் செய்திருக்கிறார்கள். ஆய்வுக்கு நிதி தருபவர்கள் மூன்று வருடத்துக்கு மட்டும் காசு கொடுத்துவிட்டு முடிவு எங்கே என்று கேட்டால், இப்படியொரு ஆய்வு இன்னொரு ஊரில் நடக்காது.